மர்ரேயைக் காட்டிக் காவிரிக்குப் பாடம் நடத்துவோருக்கு

ஸ்ட்ராத்ஃபீல்டிலோ ஹோம்புஷிலோ இரண்டு தமிழர்கள் காவிரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், மூன்றாவதாக ஒருவர் மர்ரே–டார்லிங்கைக் கொண்டுவந்து பேச்சை முடித்துவைக்கிறார். பொங்கல் விழாவாகட்டும், கோயில் அன்னதானப் பந்தியாகட்டும், தீர்ப்பு ஒன்றுதான். இங்கே நான்கு மாநிலங்கள் ஓர் ஆற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பஸ் எரிகிறதா, பந்த் நடக்கிறதா? விஷயத்தை நிபுணர்களிடம் கொடுத்தார்கள், தண்ணீரைச் சந்தையில் விட்டார்கள், தீர்ந்தது. நம் ஊரில் அரசியல்வாதிகள் கையில் இருக்கும்வரை காவிரி தீரவே தீராது.

இந்தக் கருத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. அதன் பக்கமும் நியாயம் உண்டு. மர்ரே ஆற்றுக்கு மாநிலங்களின் கூட்டு ஆணையம் 1917-லேயே வேலையைத் தொடங்கிவிட்டது; காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வந்தது 2018-இல். மேட்டூரைவிடக் கொஞ்சம் பெரியதான ஹ்யூம் அணையை அந்த ஆணையத்தின்கீழ் மாநிலங்களும் கூட்டரசும் செலவைப் பகிர்ந்து கட்டின. எந்த அணையில் எவ்வளவு இருப்பு, அதில் எந்த மாநிலத்தின் கணக்கில் எவ்வளவு என்பதை இன்று யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் பார்க்கலாம். 1995-இல் மாநிலங்கள் தாங்கள் எடுக்கும் நீருக்குத் தாங்களே உச்சவரம்பு வைத்துக்கொண்டன. பிறகு ஆற்றுக்கென்றே நீரை மீட்டெடுக்கச் சுமார் 1,300 கோடி டாலர் ஒதுக்கினார்கள். காவிரியில் நடுவர் மன்றம் பங்கிட்ட 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்குக் கிடைத்தது 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது என்று எழுதிய கணக்கு 4. இந்த ஒப்பீட்டில் நாம் வெட்கப்பட வேண்டியது நிறைய இருக்கிறது.

ஆனால் இவற்றிலிருந்து நம்மவர்கள் வந்துசேரும் முடிவுகள் மூன்று: பிரச்சினை தீர்ந்தது, அரசியல் இல்லாமல் தீர்ந்தது, சந்தையால் தீர்ந்தது. மூன்றுமே தவறு. தவறு என்பதோடு ஆபத்தும்கூட. காவிரியில் உண்மையில் எது குறைகிறதோ அதை இந்தப் பேச்சு கண்ணில் படாமல் செய்துவிடுகிறது.

1. தீர்ந்ததா? எந்தத் தேதியில்?

2018 பிப்ரவரி 16-ஆம் தேதி காவிரி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பைச் சொன்னது. கர்நாடகம் மாநில எல்லையில், பிலிகுண்டுலுவில், தர வேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தது. அன்று சிட்னித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கோபம் பொங்கியிருக்கும், நியாயம்தான். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 14-ஆம் தேதி, கான்பெராவில் என்ன நடந்தது என்று எத்தனை பேர் கவனித்தார்கள்? மர்ரே–டார்லிங்கின் வடக்குப் படுகையில் ஆற்றுக்காக மீட்க வேண்டிய நீரை 70 ஜிகாலிட்டர் குறைக்கும் திருத்தத்தை செனட் சபை தள்ளுபடி செய்தது. உடனே நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும், ஆற்றுக்கு நீரை மீட்பதற்கான மர்ரே–டார்லிங் படுகைத் திட்டத்திலிருந்தே விலகப்போவதாக அறிவித்தன. ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 28.3 ஜிகாலிட்டர். அதாவது இரண்டரை டி.எம்.சி. தகராறில், உலகத்துக்கே முன்மாதிரி என்று நம்மவர்கள் சொல்லும் ஒப்பந்தம் கலையும் நிலைக்கு வந்தது.

அது ஒருமுறை நேர்ந்த விபத்தும் இல்லை. விக்டோரியா தன் பாசனப் பகுதிகளிலிருந்து வெளியே விற்கும் நீருக்கு வைத்திருந்த 4 விழுக்காட்டு வரம்பை எதிர்த்து, 2009-இல் உயர் நீதிமன்றம் போவோம் என்று கிளம்பியது தெற்கு ஆஸ்திரேலியா. 2010 அக்டோபரில் திட்டத்தின் முன்வரைவு வெளியானதும் கிரிஃபித் நகரத்தில் விவசாயிகள் அதன் பிரதிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். 2017-இல் ஏபிசி தொலைக்காட்சியின் ஃபோர் கார்னர்ஸ் நிகழ்ச்சி, பார்வன்–டார்லிங் பகுதியில் சில பெரும் பாசனதாரர்கள் விதிகளை மீறி நீரை இறைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. அதன் பிறகுதான் நியூ சவுத் வேல்ஸ் நீர்க் கண்காணிப்புக்கெனத் தனி அமைப்பை உருவாக்கியது. 2019 ஜனவரியில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ராயல் கமிஷன், பிரெட் வாக்கர் தலைமையில், படுகை ஆணையம் பருவநிலை மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் சட்டத்துக்குப் புறம்பாக நடந்துகொண்டது என்றே எழுதியது. அதே மாதத்தில் மெனிண்டியில் லட்சக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன. 2023 மார்ச்சில் அதே மெனிண்டியில் செத்தவை கோடிக்கணக்கில். அந்த ஆண்டு ஆகஸ்டில் திட்டத்துக்குக் கெடு நீட்டிக்கும் புதிய உடன்பாட்டில் மற்றப் படுகை அரசுகளெல்லாம் கையெழுத்திட, விக்டோரியா மட்டும் மறுத்துவிட்டது.

தீர்ந்த பிரச்சினையின் அடையாளங்களா இவை? ஆறு கடலைச் சேரும் கூல்வா அருகே முகத்துவாரம் மண்மூடிப் போகாதிருக்க 2002 முதல் 2010 வரை இயந்திரம் வைத்து மணலை அள்ளினார்கள். 2015-இலிருந்து மறுபடியும் அள்ள வேண்டியிருந்தது. தன் பலத்தில் கடலைத் தொட முடியாத ஆற்றைத்தான் நம்மவர்கள் காவிரிக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள்.

2. அரசியலை வெளியே தள்ளினார்களாம்!

எப்போது தள்ளினார்கள்? ஆஸ்திரேலியக் கூட்டரசே உருவாகும் முன், 1890-களின் அரசியலமைப்பு மாநாடுகளில், தெற்கு ஆஸ்திரேலியாவும் நியூ சவுத் வேல்ஸும் மல்லுக்கட்டிய பெரிய விஷயங்களில் ஒன்று இந்த ஆறு. அந்த மல்லுக்கட்டின் மிச்சம்தான் அரசியலமைப்பின் 100-ஆம் பிரிவு: ஆற்று நீரை நியாயமாகப் பயன்படுத்தும் மாநிலங்களின் உரிமையில் கூட்டரசு கைவைக்கக் கூடாது. பெரும் வறட்சியின் நடுவே 1902-இல் கொரோவாவில் கூடிப் பேசினார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாக மேலும் 12 ஆண்டுகள் பிடித்தன. அந்த 12 ஆண்டுகளில் ஆறு மாறவில்லை, அறிவியலும் பெரிதாக மாறவில்லை. முதலமைச்சர்கள் மாறினார்கள், பேரம் மாறியது.

இதைவிடச் சுவையான கதை சொவில்லா அணையுடையது. மர்ரேயின் கடைமடை மாநிலம் தெற்கு ஆஸ்திரேலியா. தன் எல்லைக்குள் சொவில்லாவில் ஒரு பெரிய அணை வேண்டும் என்று அது ஆண்டுக்கணக்கில் போராடி ஒப்புதல் வாங்கியது. வேலையும் தொடங்கியது. 1967-இல் செலவையும் உப்புத்தன்மையையும் காரணம் காட்டி ஆணையம் வேலையை நிறுத்தியது. அதற்குப் பதிலாக, விக்டோரியாவின் மலையில், மிட்டா மிட்டா ஆற்றில் டார்ட்மவுத் அணை கட்டலாம், அதில் உனக்கும் பங்கு என்றது. நம் ஊரில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ அதுதான் அடிலெய்டிலும் ஆனது. முதலமைச்சர் ஸ்டீல் ஹால் டார்ட்மவுத்துக்குச் சம்மதித்தார். மாநிலத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்ற பழி விழுந்தது. சுயேச்சை உறுப்பினரான சபாநாயகர் டாம் ஸ்டாட் எதிராக வாக்களிக்க, 1970-இல் ஆட்சி கவிழ்ந்தது. தேர்தலில் ஜெயித்து வந்த டான் டன்ஸ்டன் கொஞ்ச காலம் முறுக்கிக்கொண்டு நின்றார். கடைசியில் அவர் ஆட்சியும் அதே டார்ட்மவுத்தைத்தான் ஏற்றது.

அந்தப் பேரத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்தது என்ன? அதன் உறுதியளிக்கப்பட்ட ஆண்டுப் பங்கு சுமார் 55 டி.எம்.சி.யிலிருந்து 65 டி.எம்.சி.க்கு, அதாவது இன்று எல்லோரும் மேற்கோள் காட்டும் 1,850 ஜிகாலிட்டருக்கு, உயர்ந்தது. பற்றாக்குறைக் காலத்தில் மர்ரேயைப் பங்கிடும் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா மூன்றுக்கும் சமபங்கு என்ற வாக்கும் கிடைத்தது. இந்த எண்களை எந்த நிபுணரும் கணினியில் தட்டி எடுத்துத் தரவில்லை. ஓர் ஆட்சியைப் பலிகொடுத்து, தேர்தலைச் சந்தித்து, எதிர்க்கட்சியாக இருந்தவர்களையும் ஒப்புக்கொள்ள வைத்துப் பெற்றவை. அதனால்தான் அரை நூற்றாண்டாக நிற்கின்றன.

இங்கே யாராவது குறுக்கிட்டு, "அப்படியானால் மேகேதாட்டுக்கும் தமிழ்நாடு சம்மதிக்கலாமே, அதுவும் மேலே கட்டும் அணைதானே?" என்று கேட்கக்கூடும். கேட்கத் தகுந்த கேள்வி. டார்ட்மவுத் விக்டோரியாவின் மண்ணில் இருந்தாலும் அதன் நீர் கூட்டு ஆணையத்தின் கணக்கில் இருக்கிறது. எப்போது எவ்வளவு திறப்பது என்று விக்டோரியா தனியாக முடிவெடுக்க முடியாது. கர்நாடகம் கட்ட நினைக்கும், 67 டி.எம்.சி. கொள்ளளவுள்ள மேகேதாட்டுவின் திறப்புச் சாவி யார் கையில் இருக்கும் என்பதற்கு அதே தெளிவோடு பதில் வரும்வரை இந்த ஒப்பீடு செல்லாது. அப்படிப் பதில் வந்தால், தமிழ்நாடு அதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

3. நிபுணர்களிடம் கொடு என்கிறார்கள். காவிரி இப்போது யாரிடம் இருக்கிறது?

நம்மவர்கள் பலருக்கு இது தெரியவில்லை. காவிரிக்கு 2018 ஜூன் முதல் மேலாண்மை ஆணையம் இருக்கிறது. அதன்கீழ் ஒழுங்காற்றுக் குழு இருக்கிறது. உட்கார்ந்திருப்பவர்கள் நீர்ப் பொறியாளர்களும் அதிகாரிகளும். பிலிகுண்டுலுவில் ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று மாதவாரியாக, இரண்டு தசமம் வரைக்கும் எழுதிய அட்டவணை இருக்கிறது. கர்நாடகத்தின் நான்கு நீர்த்தேக்கங்களின் வரத்தும் மேட்டூரின் இருப்பும் அன்றாடம் பதிவாகின்றன. 

நல்ல மழை பெய்தால் அந்த அட்டவணைக்கு வேலையே இல்லை. 2022–23-இல் ஒதுக்கீட்டைப் போல மூன்று மடங்குக்கு மேல் தண்ணீர் தானாக வந்தது. கர்நாடகம் கொடுத்ததும் இல்லை, தமிழ்நாடு கேட்டதும் இல்லை. அணைகள் கொள்ளாமல் வழிந்தது. அடுத்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆகஸ்ட் கடைசியில் வினாடிக்கு 5,000 கனஅடி திறக்கச் சொன்னது குழு. தமிழ்நாடு போதாது என்றது, கர்நாடகம் முடியாது என்றது. செப்டம்பர் 21-இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. 26-ஆம் தேதி பெங்களூரு பந்த், 29-ஆம் தேதி கர்நாடக பந்த். அந்த நீர் ஆண்டில் மொத்தம் வந்தது ஒதுக்கீட்டில் பாதிக்கும் குறைவு.

எங்கே அறுந்தது? 177.25 என்பது சராசரி மழை ஆண்டுக்கான எண். மழை முப்பது விழுக்காடு குறைந்தால் யாருக்கு எவ்வளவு குறையும், எந்தத் தேதியிலிருந்து குறையும், மாண்டியாவின் கரும்பு முன்பா திருவாரூரின் குறுவை முன்பா, பெங்களூரின் குடிநீரை எந்தத் தட்டில் வைப்பது? இவற்றுக்கு இரு தரப்பும் கையெழுத்திட்ட விதி கிடையாது. பற்றாக்குறையை விகிதப்படி பகிர வேண்டும் என்ற ஒற்றை வாக்கியத்தை நடுவர் மன்றம் எழுதியதோடு சரி. விதி இல்லாத இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பதினைந்து நாளும் ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் நிபுணர்கள். அந்த எண்ணுக்கு எந்த மாநிலத்து மக்களும் ஒப்புதல் தந்ததில்லை. ஆகவே அதை ஏற்கும் கட்டாயத்தை எந்த முதலமைச்சரும் உணர்வதில்லை.

மர்ரேயில் இதற்கு நேர்மாறாக நடந்தது. பற்றாக்குறைக் காலம் என்று அறிவித்தால் மூன்று மாநிலங்களின் பங்கும் எந்த விகிதத்தில் சுருங்கும் என்பதை 1914 உடன்பாட்டிலேயே எழுதிவிட்டார்கள். வறட்சி வந்த பிறகு அதைப் பேச உட்காரவில்லை. எழுதியவர்கள் அரசியல்வாதிகள், பொறியாளர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவே.

பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் மட்டுமே எண் சொன்ன கட்டமும் ஒன்று இருந்தது. 2010 முன்வரைவில் ஆற்றுக்கு 3,000 முதல் 4,000 ஜிகாலிட்டர் மீட்க வேண்டும் என்று இருந்தது. கிரிஃபித்தில் கொளுத்தியது அதைத்தான். 2012-இல் சட்டமானபோது அது 2,750 ஆகிவிட்டது. நடுவில் அறிவியல் மாறிவிடவில்லை.

4. சந்தை என்ற மாயம்

சரி, அரசியலும் வேண்டாம் நிபுணரும் வேண்டாம், விலை தீர்மானிக்கட்டும் என்று ஒரு கட்சி. ஐ.டி.யிலும் வங்கியிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இது ரொம்பப் பிடித்த கட்சி. யாருக்குத் தண்ணீரால் அதிக மதிப்போ அவர் வாங்கிக்கொள்வார், விற்றவருக்குக் காசு கிடைக்கும், சண்டைக்கு என்ன இடம்?

முதலில், ஆஸ்திரேலியாவில் சந்தை மாநிலங்களுக்கு இடையிலான பங்கீட்டைத் தீர்க்கவில்லை. பங்கீடு முடிந்து எண்பது ஆண்டுகள் கழித்து, 1994 சீர்திருத்தங்களுக்குப் பிறகு, நிலத்திலிருந்து நீருரிமையைப் பிரித்த பின்புதான் சந்தை முழு உருவம் எடுத்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவு என்பது முன்பே உறுதியானதால்தான் அதற்குள் வாங்கி விற்க முடிகிறது. உன் பங்கு எவ்வளவு என்பதிலேயே வழக்கு நடக்கும் சொத்தை எவன் கிரயம் பண்ணுவான்?

இரண்டாவது, அந்தச் சந்தை இங்குள்ள விவசாயிகளுக்கே என்ன செய்தது என்று டெனிலிகுவின் வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டும். நெல் விளையும் ஊர். ஹோம்புஷ் கடைகளில் ஆஸ்திரேலிய அரிசி என்று அடுக்கியிருக்கும் மூட்டைகளுக்குச் சொந்த ஊர் இந்த ரிவெரினா வட்டாரம்தான். நீருரிமையில் இங்கே இரண்டு படி: பழத்தோட்டக்காரர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் உயர் உறுதி உரிமம், நெல்காரர்கள் வைத்திருக்கும் பொது உரிமம். மழை குறைந்தால் முதலில் வெட்டு விழுவது பொது உரிமத்துக்கு. 2018–19-இல் நியூ சவுத் வேல்ஸ் மர்ரே பள்ளத்தாக்கில் பொது உரிமத்துக்கு ஒதுக்கீடு சுழியம். வயல் காய்ந்து கிடக்க, மர்ரே மட்டும் கரை நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அது கீழ்ப்பகுதிப் பாதாம் தோட்டங்களும் பிறரும் ஏற்கெனவே உரிமை பெற்ற நீர். தொடவே கூடாது. இதற்கு முந்தைய பெரும் வறட்சியின்போது, நல்ல ஆண்டில் பத்து லட்சம் டன்னுக்கு மேல் விளைந்த நெல் 2008-இல் சுமார் 20 ஆயிரம் டன்னுக்கு விழுந்து, டெனிலிகுவினின் பெரிய அரிசி ஆலை சில ஆண்டுகள் மூடிக் கிடந்தது.

வடக்கு விக்டோரியாவின் பால் பண்ணைகளிலிருந்து தண்ணீர் காசாகிக் கீழே போனது. பார்மா காட்டருகே ஆறு குறுகும் இடத்தில் அதற்குமேல் நீரைத் தள்ள முடியவில்லை. கோல்பர்ன் ஆற்று வழியே கோடையிலும் நிறைத்து விட்டதில் கரைகள் அரித்தன. 2021-இல் ஆஸ்திரேலியப் போட்டி, நுகர்வோர் ஆணையம் இந்தச் சந்தையை விசாரித்து வெளியிட்ட அறிக்கை இன்னும் சங்கடமானது: தரகர்களைக் கட்டுப்படுத்தப் போதிய விதியில்லை, விலையைத் திரித்தால் பிடிக்க வழியில்லை, தகவல்கள் சிதறிக் கிடக்கின்றன. முப்பது ஆண்டு அனுபவமும் மீட்டரும் பதிவேடும் உள்ள நாட்டிலேயே நிலைமை இது.

மூன்றாவதுதான் முக்கியம். இந்தச் சந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் காவிரி டெல்டாவின் தலைஞாயிற்றில் வைத்துப் பாருங்கள். டெல்டாவில் ஓடுவதெல்லாம் பாசன வாய்க்கால் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கம் நடந்திருக்க மாட்டார்கள். மேலே உள்ள ஊருக்கு எது வடிகாலோ அதுவே கீழே உள்ள ஊருக்குப் பாசன வாய்க்கால். ஒருவர் வயலில் நின்று வழிந்த நீர் அடுத்தவர் வயலுக்குப் பாய்கிறது. பல இடங்களில் மடைக்கு மடை நேரம் வைத்து முறைப்பாசனம். இதில் தனி விவசாயி ஒருவரின் நீரை லிட்டர் கணக்கில் அளந்து விற்பது எப்படி? விற்பவர் கைகாட்டும் நீரில் கீழே உள்ள பத்துப் பேருடைய நடவும் சேர்ந்து போகும்.

அப்படியே அளந்தாலும் காசு யாருக்கு? டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம், உழுகிறவர் குத்தகைதாரர். பட்டா ஒருவர் பேரில், சாகுபடி இன்னொருவர் கையில், நடவும் களையும் அறுப்பும் நிலமே இல்லாத பெண்களின் உழைப்பில். தண்ணீரை விற்றால் பட்டாதாரருக்குப் பணம் வரும். குத்தகைதாரருக்குப் போகம் போகும். நடவுப் பெண்ணுக்குக் கூலி போகும். அவருக்கு இழப்பீடு தர எந்தப் பதிவேட்டிலும் பேர் இருக்காது. மர்ரே–டார்லிங் படுகை பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் வாழ்வோர் சுமார் 24 லட்சம். காவிரிப் படுகை 81 ஆயிரம் சதுர கிலோமீட்டர். வாழ்வோர் சில கோடி. அங்கே தண்ணீரை விற்றவர் வேறு ஊருக்குப் போகலாம். திருவாரூர்க்காரர் எங்கே போவார்? திருப்பூருக்கா?

வாங்குகிறவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை. காவிரியைச் சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு இறைத்து மேலேற்றிக் குடிக்கும் பெங்களூரின் பணபலத்துக்கு முன் மாண்டியா கரும்புக்காரரும் நிற்க முடியாது, மன்னார்குடிக்காரரும் நிற்க முடியாது. இந்தச் சந்தையில் தோற்பது ஒரு மாநிலம் அல்ல, இரு மாநிலத்துக் கிராமங்களும்.

5. கன்னடர்கள் பிடிவாதக்காரர்கள், ஆஸ்திரேலியர்கள் நாகரிகமானவர்கள்?

இந்த வாதத்தை யாரும் மேடையில் சொல்வதில்லை, பந்தியில் சொல்வார்கள். 1991 டிசம்பரில் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள பஸ்கள் எரிந்தன. மறக்கக் கூடியவை அல்ல. ஆனால் அடிலெய்டில் இருக்கும் ஒரு விக்டோரியாக்காரரை யாரும் அடிக்காததற்குக் காரணம் நாகரிகம் அல்ல. அவர் விக்டோரியாக்காரர் என்று முகத்திலோ பேச்சிலோ தெரியாது. மர்ரேயின் மாநில எல்லை மொழி எல்லை அல்ல.

மொழியும் இனமும் ஒன்றாக இருந்துவிட்டால் தண்ணீர்ச் சண்டை வராதா? ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கும் யாழ்ப்பாணத்தாரும் கிளிநொச்சியாரும் இதற்குப் பதில் சொல்லலாம். இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோக ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனோடு திட்டம் வந்தபோது, எங்கள் வயலுக்கே போதாது என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். இரு பக்கமும் தமிழர், ஒரே மாகாணம், போர் தின்று முடித்த ஒரே மண். பேச்சு முறிந்தது. கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி 2024-இல் திறந்தார்கள். கிளிநொச்சி விவசாயியை யாரும் நாகரிகம் கெட்டவர் என்று சொல்வதில்லை. மாண்டியா விவசாயியின் பயமும் அதே பயம்தான்.

6. மேசையில் இடம் இல்லாதவர்கள்

ஆஸ்திரேலிய முன்மாதிரியின் மிகப் பெரிய ஓட்டையைப் பற்றி இந்தப் பேச்சுகளில் ஒரு வார்த்தையும் வராது. டார்லிங் ஆற்றை பார்க்கா என்று அழைக்கும் பார்க்கிஞ்சி மக்கள், அந்த ஆற்றங்கரைக்கு 2015-இல் சட்டப்படி பூர்வீக நில உரிமை பெற்றவர்கள். நில உரிமை கிடைத்தது, ஆற்றில் தண்ணீர் இல்லை. அவர்கள் செறிந்து வாழும் வில்கானியாவில் ஆறு வறண்டு குட்டை குட்டையாக நின்ற மாதங்கள் உண்டு. படுகையின் மேற்பரப்பு நீருரிமையில் முதற்குடி மக்களின் அமைப்புகளிடம் இருப்பது 0.2 விழுக்காட்டுக்கும் குறைவு. அவர்களுக்கு நீருரிமை வாங்கித்தர 2018-இல் 4 கோடி டாலர் அறிவித்த அரசு, 2023-இல் அதை 10 கோடியாக உயர்த்தியது. இடையில் நீரின் விலையும் சும்மா இருக்கவில்லை.

1914-இல் மேசையில் இடம் கிடைக்காதவர்களுக்கு நூறாண்டு கழித்தும் சந்தை விலையில்தான் தண்ணீர். காவிரி மேசையில் இன்று இடம் இல்லாதவர் யார்? குத்தகைதாரர், கூலிக்காரர், கடைமடை மீனவர். 2003-இல் இரு மாநில விவசாயிகளும் ஆய்வாளர்களும் சேர்ந்து 'காவிரிக் குடும்பம்' என்ற பெயரில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். மன்னார்குடியைச் சேர்ந்த விவசாயிகள் மாண்டியாவுக்குப் போய் வயலைப் பார்த்தார்கள், மாண்டியாக்காரர்கள் டெல்டாவுக்கு வந்து பார்த்தார்கள். எதிராளி எவ்வளவு கஷ்டத்தில் இருக்கிறார் என்பதைக் கண்ணால் கண்டபோது இரு பக்கமும் குரல் தணிந்தது. அரசுகள் அந்த முயற்சிக்குச் சட்ட வடிவம் எதுவும் தரவில்லை. மர்ரே–டார்லிங்குக்கும் கிடைக்காத நல்ல யோசனை ஒன்று காவிரியிலேயே முளைத்தது. சிட்னியில் அதைப் பற்றிப் பேசுவார் யாரும் இல்லை.

ஆக, இங்கிருந்து காவிரிக்கு எடுத்துப் போகத் தக்கவை உண்டு. அவை சந்தையும் இல்லை, நிபுணர் ஆட்சியும் இல்லை. எல்லாரும் நம்பும் ஒரே அளவுக் கணக்கு. அணையின் சாவி ஒரு மாநிலத்திடம் மட்டும் இல்லாமை. வறட்சிக்கு முன்பே, அணைகள் நிறைந்து யாருக்கும் ரத்தம் கொதிக்காத ஆண்டில், இரு முதலமைச்சர்களும் உட்கார்ந்து கையெழுத்திடும் பற்றாக்குறைப் பகிர்வு விதி. கடைசியில் சொன்னது முழுக்க முழுக்க அரசியல் வேலை. அதைச் செய்கிற முதலமைச்சருக்கு ஸ்டீல் ஹாலின் கதி நேரலாம். நேர்ந்தாலும் அதை அடுத்து வருகிறவர் கலைக்காமல் இருக்க வேண்டும்.

ஸ்ட்ராத்ஃபீல்டின் குழாயில் வருவது வாரகம்பா அணை நீர். அந்த அணைக்கு வரும் ஆறுகள் நியூ சவுத் வேல்ஸுக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிகின்றன; எந்த மாநிலத்தோடும் பங்கு கிடையாது. அந்த வசதியில் உட்கார்ந்து காவிரிக்குத் தீர்ப்பு எழுதுவோர் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளலாம். மர்ரே–டார்லிங் படுகைத் திட்டத்தின் மறுஆய்வு 2026-இல். இந்நாட்டுக் குடிமக்கள் யாரும் அதற்குக் கருத்து எழுதி அனுப்பலாம், வில்கானியாவைப் பற்றி எழுதலாம். மற்றது, உச்ச நீதிமன்றம் 15 ஆண்டுகளுக்கு மாறாது என்று வைத்த காவிரி ஒதுக்கீட்டின் காலம் 2033 பிப்ரவரியில் முடிகிறது. அதற்குள் பற்றாக்குறை விதி எழுதியாக வேண்டும் என்று சென்னையையும் பெங்களூரையும் ஒருசேரக் கேளுங்கள். மர்ரேயை உதாரணம் காட்டும்போது டார்ட்மவுத்தையும் டெனிலிகுவினையும் சேர்த்துச் சொல்லுங்கள்.